மூன்று திரைக்கு ஒரு மடிக்கணினி

காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரை காயவைக்கும் களங்களுக்குப் பஞ்சமில்லை. பகலெல்லாம் வெயில் குடிக்கும் அகன்ற சிமெண்ட் தளம். அதன் ஓரத்தில் வெள்ளையடித்த நீண்ட கிடங்குச் சுவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை இரவில், அப்படியொரு களத்தில் உடுக்கைப் பாடகர் ஒருவர் அண்ணன்மார் கதையின் சில பகுதிகளைப் பாடினார். அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் மூன்று புரொஜெக்டர்களை வரிசையாகப் பாய்ச்சி, பாட்டுக்கேற்ற காட்சிகளை நான் மடிக்கணினியிலிருந்து ஓடவிட்டுக் கொண்டிருந்தேன். முந்நூறு பேர் இருந்திருப்பார்கள்.

நாற்பது நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டை தொடங்கியபோது சுவரில் ஓடிய பன்றி திக்கித் திக்கி நகர்ந்தது. சற்று நேரத்தில் நடுத்திரை கறுத்தது. பிறகு மூன்றும் அணைந்தன. மடிக்கணினியின் அடிப்பகுதியில் கைவைக்க முடியவில்லை. பாடகர் ஒரு கணமும் நிறுத்தவில்லை. இருட்டிலேயே உடுக்கையை அடித்து வேட்டையை முடித்தார். கூட்டத்திலிருந்து ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லாம் முடிந்தபின் என்னிடம் வந்து, "தம்பி, பொட்டி சளைச்சுப் போச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனாலேயே அது இன்னும் உறுத்துகிறது.

என் பிழைப்பு திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்கு டி-சர்ட் பிரிண்ட் வடிவமைப்பது. அந்த வேலைக்காக வாங்கிய மடிக்கணினி அது. மெலிதானது, நல்ல வண்ணத்திரை கொண்டது, விலையும் குறைவில்லை. அன்று சளைத்தது பெட்டியின் குற்றமா என்றால், இல்லை என்றே சொல்வேன். பாரவண்டியில் பூட்டவேண்டிய இடத்தில் பந்தயக் காளையைப் பூட்டியது என் குற்றம். அதன்பிறகு கல்லூரி மாணவர்களும், கோயில் விழாக் குழுவினரும், திருமண மேடை அமைப்பவர்களும் என்னிடம் வந்து, "இதுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தோற்றவனிடம் யோசனை கேட்பது நம் ஊர் வழக்கம். அதில் நியாயமும் உண்டு. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

முதலில், பல புரொஜெக்டர்களுக்கு ஒரு கணினி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரே காட்சியைப் பல கருவிகளால் அகலமாகக் காட்டுவது புதிதன்று. பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் 1927-இல் தமது 'நெப்போலியன்' படத்தின் இறுதிப் பகுதியை மூன்று திரைகளில் காட்டினார். 1952-இல் நியூயார்க்கில் அறிமுகமான சினிராமா முறையில் வளைந்த பெருந்திரை ஒன்றின்மீது மூன்று புரொஜெக்டர்கள் ஒத்திசைந்து ஓடின; படங்கள் சேரும் இரண்டு இடங்களிலும் கோடு தெரிவதை மறைக்க அவர்கள் பெரும்பாடு பட்டார்கள். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் 1981 முதல் நடந்துவரும் ஒலி-ஒளிக் காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. காட்சி முன்கூட்டியே முடிவானது. தொடக்கமும் முடிவும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. கருவிகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பவை. அந்த வகை நிகழ்ச்சிக்கு மடிக்கணினியே தேவையில்லை. படத்தை ஓட்டும் ஒரு சிறு கருவி போதும்.

உடுக்கைப் பாட்டு அப்படிப்பட்டதன்று. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுப்பகுதியில் காங்கேயத்துக்கு அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965-இல் அண்ணன்மார் கதையைப் பாடகர்கள் பல இரவுகள் பாட, அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் அந்தக் கதைசொல்லலைப் பற்றியது. பின்னாளில் அதே கதை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் அவரால் உருவாக்கப்பட்டது. அந்தப் பதிவுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கும், ஓர் இரவாவது நேரில் கேட்டவர்களுக்கும் ஒன்று விளங்கும். கதை ஒன்றே, அதன் நீளம் ஒவ்வோர் இரவும் வேறு. கூட்டம் லயித்தால் பாடகர் ஒரு காட்சியை நீட்டுவார். குழந்தைகள் தூங்கத் தொடங்கினால் சுருக்குவார். படுகளத்தில், பொன்னரும் சங்கரும் வீழும் இடத்தில், கூட்டத்தில் இருப்பவர்களுக்கே அருள்வந்து அவர்களும் வீழ்வதுண்டு. அவர்களை எழுப்பும்வரை பாட்டு அங்கேயே நிற்கும். அது பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே, முன்பே தொகுத்து முடித்த ஒரு மணி நேரப் படம் இங்கே பயன்படாது. பாடகர் எங்கே திரும்பினாலும் அந்தக் காட்சி உடனே, மூன்று திரையிலும் ஒருசேர, மாறவேண்டும். ஒரு காட்சியின்மேல் இன்னொன்றை மெல்லப் படரவிட வேண்டும். படம் பாட்டுக்குப் பின்னால் நடக்கவேண்டும். பாட்டைத் தன் பின்னால் இழுக்கக் கூடாது. மடிக்கணினியைத் தேர்வதற்கு நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதாம்.

கடையில் நம்மிடம் முதலில் சொல்லப்படுவது செயலியின் பெயர்: ஐ5, ஐ7, ரைசன் 7 என்று. நான் பார்த்த விழாக்களுக்கான விலைப்புள்ளிக் கோரிக்கைகள் சிலவற்றிலும் 'ஐ7, 16 ஜிபி' என்ற ஒரே வரிதான் இருந்தது. நம் வேலைக்கு அது நான்காவது, ஐந்தாவது கேள்வி. முதல் கேள்வி, இந்தப் பெட்டியிலிருந்து எத்தனை தனித்தனிப் படங்கள் வெளியே வரும் என்பது.

இதில் ஏமாறுவது எளிது. பெட்டியின் பக்கத்தில் ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்களும் இருக்கும். மூன்று போர்ட், மூன்று புரொஜெக்டர் என்று கணக்குப் போடுவோம். ஆனால் யுஎஸ்பி-சி வடிவில் இருக்கும் எல்லா போர்ட்டும் படத்தை அனுப்பாது. சில, மின்னேற்றம் செய்வதோடும் கோப்புகளைக் கடத்துவதோடும் நின்றுவிடும். டிஸ்பிளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் வசதி உண்டு என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் எழுதியிருந்தால்தான் நம்பலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. விளையாட்டுக்கான மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் இருக்கும்: செயலியோடு ஒட்டிய சிறியது ஒன்று, தனியான பெரியது ஒன்று. ஹெச்டிஎம்ஐ பெரிய சில்லோடும் யுஎஸ்பி-சி சிறிய சில்லோடும் இணைக்கப்பட்ட மாடல்கள் உண்டு. அப்போது ஒரே படத்தின் ஒரு பகுதியைப் பெரிய சில்லும் மற்றொரு பகுதியைச் சிறியதும் அனுப்பும். ஒரு சில்லிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைக் கடத்தும் வேலை கூடுதல் சுமை. ஓடும் குதிரை திரைகளின் எல்லையைக் கடக்கையில் வெட்டுப்பட்டதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா வெளியீடுகளும் ஒரே சில்லிலிருந்து வரும் மாடலைத் தேடுவதே நல்லது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் வகைச் சில்லுகள் பொதுவாக நான்கு திரைகள் வரை தாங்கும். ஆனால், மடிக்கணினியின் சொந்தத் திரையும் அந்த நான்கில் ஒன்றாகிவிடக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆப்பிள் விரும்பிகளுக்கும் ஒரு சொல். 2020-இன் இறுதியில் வந்த எம்1 சில்லுள்ள மேக்புக்குகள் அதிகாரபூர்வமாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஆதரித்தன. அடுத்த ஆண்டு வந்த எம்1 புரோ இரண்டையும், எம்1 மேக்ஸ் நான்கையும் ஆதரித்தன. பெயர் ஒன்றுதான், பழமும் ஒன்றுதான். திரைக் கணக்கு மட்டும் வேறு. மேக் கணினியை விரும்பிக் கேட்கும் நிகழ்கலைஞர்கள் பலருண்டு. கியூலேப், மில்லுமின் போன்ற மென்பொருள்கள் அதில் மட்டுமே இயங்குகின்றன. ரெசல்யூம், மேட்மேப்பர், டச்டிசைனர் போன்றவை விண்டோஸிலும் உண்டு. எந்த மென்பொருளில் கைபழகியிருக்கிறதோ அதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பெட்டிக்குப் போவதே முறை.

போர்ட் போதவில்லை என்றவுடன் சிலர் யுஎஸ்பி வழியே திரையைப் பெருக்கும் மலிவான மாற்றிகளை வாங்கிவிடுகிறார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பதற்கு அவை போதும். அவற்றுள் பெரும்பாலானவை படத்தைச் செயலியைக் கொண்டு சுருக்கி அனுப்புபவை. ஓடும் காட்சிக்கு அவை தாமதத்தையும் சுமையையும் சேர்க்கும். அதைவிட நல்ல வழி வேறு உண்டு. மேட்ராக்ஸ் நிறுவனத்தின் டிரிபிள்ஹெட்டுகோ போன்ற பெட்டிகள், கணினியிடம் தம்மை ஒரே அகலத் திரையாகக் காட்டிக்கொண்டு, வரும் படத்தை மூன்றாக வெட்டி மூன்று புரொஜெக்டர்களுக்குக் கொடுக்கின்றன. டேட்டாபாத் எஃப்எக்ஸ்4 ஒரு 4கே படத்தை வாங்கி நான்காகப் பிரிக்கிறது. கணினிக்கு ஒரே கேபிள், ஒரே திரை. ஒத்திசைவுச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. விலை மலிவன்று. எனினும், ஒரு சாதாரண மடிக்கணினியும் இப்படியொரு பெட்டியும், தனித்த ஓர் உயர்விலை மடிக்கணினியைவிட நம்பகமானவை என்பது என் கருத்து. மடிக்கணினி பழுதானால் வேறொன்றைக் கொண்டுவந்து அதே கேபிளைச் சொருகிவிடலாம் அல்லவா.

சற்றுக் கணக்கும் பார்ப்போம். ஒரு முழு ஹெச்டி புரொஜெக்டரின் படத்தில் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். மூன்றுக்கு 62 லட்சத்துக்கும் மேல். நொடிக்கு 60 முறை என்றால் 37 கோடிப் புள்ளிகள். இரண்டு புரொஜெக்டர்களின் படங்கள் சந்திக்கும் இடத்தில் கோடு தெரியாமலிருக்க, ஒன்றின் ஓரத்தை மற்றொன்றின்மேல் ஏற்றி, இரண்டின் ஒளியையும் படிப்படியாகக் குறைத்துக் கலப்பார்கள். 15 சதவீதம் ஏற்றினால் ஒவ்வொரு சந்திப்பிலும் 288 புள்ளிகள் போகும். மூன்றும் சேர்ந்த அகலம் 5760 அன்று, 5184. காட்சிகளை இந்த அளவுக்கே வரைந்து வைத்தால் கணினி அவற்றை நீட்டிக் குறுக்கும் வேலை மிஞ்சும். இன்றைய நடுத்தரக் கிராபிக்ஸ் சில்லு எதற்கும் 37 கோடி பெரிய எண் அன்று. அப்படியானால் என் கணினி ஏன் தடுமாறியது?

ஒரு காரணம், கோப்புகளின் வகை. நாம் கைப்பேசியில் எடுக்கும் காணொலிகளும், வலையிலிருந்து இறக்குபவையும் பெரும்பாலும் ஹெச்.264 முறையில் சுருக்கப்பட்டவை. அம்முறை பேரேடு எழுதுவதைப் போன்றது. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அதன்பின் வருவனவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். வரிசையாகப் படிக்க இது சிக்கனமானது. திடீரென்று நடுவில் ஒரு தேதியின் இருப்பைக் கேட்டால், கடைசியாக முழு இருப்பு எழுதிய இடத்துக்குப் போய் அங்கிருந்து கூட்டிக் கழித்து வரவேண்டும். பாடகர் திரும்பும்போதெல்லாம் காட்சியைத் தாவவிடும் நமக்கு இதுதான் வினை. ஒன்பது காணொலிகள் ஒரே நேரத்தில் ஓடுகையில் ஒன்பது கணக்கப்பிள்ளைகள் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு மாற்றாக ஹாப் என்ற வகையும், ரெசல்யூம் நிறுவனத்தின் டிஎக்ஸ்வி வகையும் இருக்கின்றன. இவற்றில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்பது; கிராபிக்ஸ் சில்லே நேராகப் பிரித்துக்கொள்ளக் கூடியது. எங்கு தாவினாலும் தாமதமில்லை. ஆனால் கோப்பு பெருத்துவிடும். ஹாப் வகையில் ஒரு முழு ஹெச்டி படம் ஏறத்தாழ ஒரு மெகாபைட் வரை வரும். நொடிக்கு 30 படம் என்றால் 31 மெகாபைட். மூன்று திரை, திரைக்கு மூன்று அடுக்கு என்றால் நொடிக்கு 280 மெகாபைட்டை வட்டிலிருந்து படிக்கவேண்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கால் இதில் பாதிகூட முடியாது. நான் காட்சிகளையெல்லாம் அத்தகைய ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாட்டா எஸ்எஸ்டி 500 மெகாபைட் அளவுக்குத் தாங்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி அதைப்போல் பல மடங்கு. அளவையும் பாருங்கள். ஒரு திரைக்கான ஒரு மணி நேரக் காட்சி 110 ஜிபியைத் தாண்டலாம். 256 ஜிபி உள்ள பெட்டியில் மூன்று திரைக்கு இடமே இல்லை. ஒரு டெராபைட் எஸ்எஸ்டியைக் குறைந்த அளவாகக் கொள்க. ரேம் 16 ஜிபி போதும். அதற்குமேல் கையில் பணமிருந்தால் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்.

இரண்டாவது காரணம் வெயில். அன்றைய தோல்வியில் இதன் பங்கே பெரிது என்பது பின்னர் சோதித்தபோது தெரிந்தது.

மடிக்கணினிச் செயலிகள் பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தை எல்லையாகக் கொண்டவை. அதை நெருங்கினால் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் தணியாவிட்டால் அணைந்துவிடும். விளம்பரத்தில் சொல்லப்படும் உச்சவேகம் சில நிமிட ஓட்டத்துக்கானது. குளிரூட்டிய அறையில், தொடக்கத்தில், எல்லாப் பெட்டியும் ஓடும். கொப்பரைக் களத்தின் சிமெண்ட் தளம் பகல் முழுக்கச் சேர்த்துவைத்த சூட்டை இரவு ஒன்பது மணிக்கும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக்கு மேலே தாழ்வான ஒரு மேசை. அதன்மேல் ஒரு துணி விரிப்பு. அதன்மேல் அடிவழியே காற்றை உறிஞ்சும் மெல்லிய மடிக்கணினி. துணி விரித்தது மரியாதைக்காக. அது காற்றுத் துளையை அடைத்தது. களத்தில் பறக்கும் தேங்காய் மட்டைத் தூசு விசிறியில் ஏற்கெனவே படிந்திருந்தது. இத்தனைக்கும் பிறகு அது நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்ததே அதிகம்.

ஆகவே இப்போது யாராவது ஒரு மாடலைக் காட்டி நல்லதா என்று கேட்டால், நான் ஒரு சோதனையைச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்போ, திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள்ளோ, அதை நிகழ்ச்சிக்கான மென்பொருளோடும் உண்மையான காட்சிகளோடும், மின்விசிறி இல்லாத ஓர் அறையில் பகல் இரண்டு மணிக்கு, இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். வெளித்திரைகள் எல்லாம் இணைந்திருக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் நொடிக்கு எத்தனை படம் ஓடியதோ, கடைசிப் பத்து நிமிடத்திலும் அத்தனை ஓடினால் அது நம் பெட்டி. கனமும் தடிமனும் இங்கே குறையல்ல. பின்புறம் அகன்ற காற்றுத் துளைகளும் இரண்டு விசிறிகளும் உள்ள, பார்க்க முரடான விளையாட்டு மடிக்கணினிகள் பெரும்பாலும் இதில் தேறிவிடுகின்றன. நிகழ்ச்சியில் அதை இரண்டு மரக்கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்து, பக்கத்தில் ஒரு மேசை விசிறியும் போட்டால் சூடு கண்கூடாகக் குறையும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் 65 வாட் அடாப்டரோடு வருகின்றன. தனிக் கிராபிக்ஸ் உள்ள பெரியவற்றுக்கு 180 வாட் முதல் 300 வாட்டுக்கும் மேல் வேண்டியிருக்கிறது. அடாப்டரைக் கழற்றினால் அவை ஓடும், ஆனால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பேட்டரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. நம் ஊர் விழாக்கள் ஜெனரேட்டரில் நடப்பவை. ஒலிபெருக்கிக்கும் சீரியல் விளக்குக்கும் புரொஜெக்டருக்கும் ஒரே வழியில் மின்சாரம் போகும். மடிக்கணினிக்கும் புரொஜெக்டர்களுக்கும் ஒரு யுபிஎஸ் இடையில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் இருக்கவேண்டும். மேடையின் ஒருபுறம் ஒரு பேஸிலும் மறுபுறம் இன்னொரு பேஸிலும் மின்சாரம் எடுத்து, எர்த்தும் சரியாக இல்லாதபோது, இரண்டையும் ஹெச்டிஎம்ஐ கேபிள் இணைக்கிறது, போர்ட் எரிந்துபோகும். கையில் ஷாக் அடித்த பிறகு நான் இதைக் கற்றேன்.

கேபிளின் நீளமும் அப்படியே. சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும். களத்தின் அகலம் அதைவிட அதிகம். கேட்6 கம்பி வழியாக 100 மீட்டர் வரை படத்தைக் கொண்டுசெல்லும் அனுப்பி-வாங்கிகள் கிடைக்கின்றன. அவற்றை வாடகைக்கும் எடுக்கலாம். இன்னொரு சிறு பொருளும் உண்டு: புரொஜெக்டர் இன்னும் இணைந்திருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் விரல்நீளச் செருகி. நடுவில் ஒரு புரொஜெக்டர் அணைந்து மீண்டால், கணினி திரைகளின் வரிசையைக் கலைத்துப் போட்டுவிடும். இடத்திரையில் வரவேண்டியது வலத்திரையில் வரும். அந்தச் செருகி இருந்தால் கணினிக்கு எதுவும் நடந்ததே தெரியாது. மடிக்கணினியின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத இந்தப் பொருளுக்காக ஒரு கல்லூரி விழாவே பதினைந்து நிமிடம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். தானியங்கிப் புதுப்பிப்புகளையும், உறக்க நிலையையும், வாட்ஸ்ஆப் அறிவிப்புகளையும் அணைத்துவைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சுவரில் அறுபதடி அகலத்தில் ஒருவருடைய வீட்டுக் குழுச் செய்தி விரிந்ததைப் பார்த்தபின் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

திருமண மேடைகளில் இப்போது எல்இடி சுவர்கள் வந்துவிட்டன. புரொஜெக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒளி மிகுந்த மண்டபத்துக்கு எல்இடி சுவரே பொருத்தம். நான் அதோடு சண்டையிட மாட்டேன். வள்ளி கும்மிக்கும் அது பொருந்தலாம். கோவை பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் இன்னும் பல இளைஞர்கள் ஆர்வத்தோடு வரும் அந்தக் கலையில், ஆடுபவர்கள் சுவரை ஒட்டி வட்டமாகச் சுழலும்போது அவர்களுடைய நிழல் படத்தை மறைக்கும்; புரொஜெக்டரை உயரத்தில் கட்டவேண்டியிருக்கும். ஆனால் உடுக்கைப் பாட்டுக்கு எல்இடியின் வெளிச்சம் ஆகாது. பாடகரின் முகத்தைவிட அவர் பின்னால் இருப்பது பளிச்சென்று எரிந்தால் கூட்டம் எதைப் பார்க்கும்? வெள்ளையடித்த சுவரில் மங்கலாகப் படியும் காட்சி அவருக்கு இடம்விட்டு நிற்கிறது. படமே வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். நடுத்திரை கறுத்த இரவில் ஒருவரும் எழுந்து போகவில்லை என்பதே அவர்களுக்குச் சாதகமான சான்று. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்க்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டுப் போனார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நாங்கள் என்ன வாங்கினோம் என்று சொல்லாமல் முடிக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒன்பது பேர். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த பணம். ஒருவர் அன்று மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். அந்தப் பணத்தில் புதிய, மெலிதான, உயர்விலை மாடல் ஒன்றை வாங்கலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். இரண்டாண்டு பழைய, தடித்த, தனிக் கிராபிக்ஸ் உள்ள விளையாட்டு மடிக்கணினி ஒன்றைத் திருப்பூரில் பார்த்து, அதைக் களத்திலேயே பகலில் இரண்டு மணி நேரம் ஓட்டிச் சோதித்த பிறகு வாங்கினோம். விசிறியைக் கழற்றித் துடைத்தோம். மிச்சமான பணத்தில் ஒரு டெராபைட் எஸ்எஸ்டி, படத்தை மூன்றாக வெட்டும் பெட்டி ஒன்று, ஒரு யுபிஎஸ். என் பழைய மெல்லிய கணினி அதே கோப்புகளோடு பக்கத்தில் தயாராக நிற்கிறது. பிரதான பெட்டி சளைத்தால் ஒரு கேபிளை மாற்றவேண்டியதுதான். அதன் விசிறிச் சத்தம் மட்டும் பெரிது. மைக் அதைப் பிடித்துவிடாமலிருக்கப் பாடகரிடமிருந்து முப்பதடி தள்ளி உட்காருகிறோம்.

இந்தச் சித்திரையில் அதே களத்தில், அதே பாடகரோடு மீண்டும் நடத்தினோம். கொம்பன் வேட்டையை அவர் ஒத்திகையைவிட இருபது நிமிடம் நீட்டினார். பன்றி மூன்று சுவர்த்துண்டுகளிலும் தடங்கலின்றி ஓடியது. அவர் முன்பே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "படுகளத்துக்குப் படம் வேண்டாம் தம்பி." சரிங்க ஐயா என்றேன். ஆனால் கணினியில் கறுப்புப் படத்தைப் போட்டாலும் புரொஜெக்டர் முழுதாகக் கறுப்பதில்லை. சுவரில் சாம்பல் நிறத்தில் ஓர் ஒளி மிதந்துகொண்டே இருக்கும். விளக்கை அணைத்தால், மறுபடி ஏற்ற நிமிடங்கள் ஆகும். ஆகவே பனியன் அனுப்பும் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, நூல் கட்டிய மூன்று மூடிகள் செய்தோம். படுகளம் தொடங்கியபோது, மூன்று பிள்ளைகள் மூன்று புரொஜெக்டர்களின் அருகில் நின்று, என் கையசைவைப் பார்த்து, ஒன்றாக அவற்றை இறக்கினார்கள்.